கார்டில் நடக்கும் களவும் நம் கையில் உள்ள அமானிதமும்

(ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ் ஒருவனுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் என்றென்றும் உண்டாகட்டுமாக! முதலில் எனக்கும் பிறகு உங்களுக்கும் தக்வாவைக் கொண்டு வஸிய்யத் செய்தவனாக ஆரம்பிக்கிறேன்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! மேல் தளத்தில் அமர்ந்து கேட்டுக் கொண்டிருக்கும் தாய்மார்களே!

இன்று மிம்பரில் வழக்கமாகப் பேசப்படாத ஒரு விஷயத்தைப் பேசப் போகிறோம். நமக்குத் தெரியாமலேயே நம் வங்கிக் கார்டிலிருந்து பணம் எடுக்கப்படுவதைப் பற்றிய பேச்சு இது. இதற்கும் ஜும்ஆவுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. களவு கொடுத்தவர் பள்ளிவாசலில் ஒரு ஸஃப்பில் நிற்கிறார். அந்தக் களவுப் பணம் போய்ச் சேரத் தன் கணக்கைக் கொடுத்த இளைஞன் வேறொரு ஊர்ப் பள்ளியில் இன்னொரு ஸஃப்பில் நிற்கிறான். இருவருக்கும் மார்க்கம் ஒரு சொல் வைத்திருக்கிறது. அதைத்தான் இன்று கேட்கப் போகிறோம்.

பிறர் பொருளின் கண்ணியம்

ஹஜ்ஜத்துல் விதாவில், மினா மைதானத்தில், நஹ்ருடைய நாளில் நபி (ஸல்) அவர்கள் மக்களிடம் இது என்ன நாள், என்ன ஊர், என்ன மாதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மூன்றும் புனிதமானவை என்று மக்கள் பதில் சொன்னார்கள். அதன் பிறகுதான், இவை எப்படிப் புனிதமானவையோ அப்படியே உங்கள் உயிரும் உடைமையும் மானமும் ஒருவருக்கொருவர் புனிதமானவை என்ற கருத்தை அறிவித்தார்கள். (நூல்: புகாரி 1739)

யோசித்துப் பாருங்கள். உடைமையை எதற்குச் சமமாக வைத்தார்கள்? மக்கா நகரத்தின் புனிதத்திற்கு! ஹரம் எல்லைக்குள் ஒரு செடியைப் பிடுங்க நம் கை நடுங்கும். ஒரு கூலித் தொழிலாளியின் கணக்கில் இருக்கும் ஐந்நூறு ரூபாயைத் தொடும்போதும் அதே நடுக்கம் வர வேண்டும்.

அல்பகரா அத்தியாயத்தின் 188வது வசனத்தில் அல்லாஹ் இரண்டு விஷயங்களைத் தடுக்கிறான். ஒன்று, ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பது. இரண்டாவது, அந்தப் பொருளை அதிகாரிகளிடம் கொண்டு போய், வழக்காடி, தெரிந்தே பாவமான முறையில் தனதாக்கிக் கொள்வது. இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் அதற்குத் திரும்ப வருவோம்.

பணம் எப்படிப் போகிறது?

அன்பிற்குரியவர்களே! கார்டில் நடக்கும் களவு மூன்று வகை. வகை தெரிந்தால்தான் தீர்வு தெரியும்.

முதல் வகை, நம் தவறு எதுவும் இல்லாமல் நடப்பது. 2016 அக்டோபரில் இந்தியா முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் வெளியே போயிருக்கலாம் என்று தெரிய வந்தது. ஏடிஎம் இயந்திரங்களை நடத்தும் ஒரு நிறுவனத்தின் கணினிக்குள் நச்சு மென்பொருள் புகுந்திருந்தது. ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கிப் புதிய கார்டு கொடுத்தது. 19 வங்கிகளின் 641 வாடிக்கையாளர்கள் 1.3 கோடி ரூபாய் வரை இழந்ததாகத் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகம் சொன்னது. அந்த 641 பேரும் யாரிடமும் பின் நம்பர் சொல்லவில்லை. வழக்கம் போல ஏடிஎம்முக்குப் போனார்கள், பணம் எடுத்தார்கள், வந்தார்கள். அவ்வளவுதான். அதே போல, நம் நாட்டு இணையதளங்களில் கார்டைப் பயன்படுத்தினால் ஓடிபி கேட்கும். வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கேட்காது. கார்டு நம்பரும் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் கிடைத்தால் போதும். இவர்கள் முதலில் பத்து ரூபாய், இருபது ரூபாய் எடுத்துச் சோதித்துப் பார்ப்பதுண்டு. அந்தச் சின்னத் தொகையை நாம் கவனிக்காமல் விட்டால் அடுத்தது பெரிய தொகை.

இரண்டாவது வகை, நம்மை ஏமாற்றி நம் வாயாலேயே ரகசியத்தை வாங்குவது. கேஒய்சி முடியப் போகிறது, ரிவார்டு பாயின்ட் காலாவதி ஆகப் போகிறது, வண்டிக்கு அபராதம் வந்திருக்கிறது என்று செய்தி வரும். கூடவே ஒரு ஏபிகே ஃபைலோ, லிங்க்கோ வரும். தொட்டால் ஃபோனே அவர்கள் கைக்குப் போய்விடும். ஃபோன் திரையை அடுத்தவருக்குக் காட்டும் செயலிகளைப் பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்தது.

மூன்றாவது வகை, ஏடிஎம் வாசலில் நடப்பது. பணம் எடுக்கத் தெரியாத பெரியவருக்கு உதவுவது போல ஒருவன் வருவான். பின் நம்பரைப் பார்த்துக் கொள்வான். திருப்பிக் கொடுக்கும்போது அதே நிறத்தில் வேறு கார்டைக் கொடுப்பான். பென்ஷன் வாங்கும் பெரியவர்களும், நூறு நாள் வேலைச் சம்பளம் எடுக்கப் போகும் தாய்மார்களும் இதில்தான் அதிகம் மாட்டுகிறார்கள்.

மூன்று இரவுகள் வந்த திருடன்

இந்த இரண்டாவது வகைக்கு ஹதீஸில் ஓர் அற்புதமான பாடம் இருக்கிறது. அபூஹுரைரா (ரலி) அவர்களை ரமளான் ஜகாத்தின் தானியத்தைக் காக்கும் பொறுப்பில் நபி (ஸல்) அவர்கள் வைத்தார்கள். இரவில் ஒருவன் வந்து தானியத்தை அள்ளினான். பிடித்தார்கள். நான் ஏழை, பிள்ளை குட்டிக்காரன், கடும் தேவையில் இருக்கிறேன் என்று அழுதான். இரக்கப்பட்டு விட்டுவிட்டார்கள். அவன் பொய் சொன்னான், மீண்டும் வருவான் என்று மறுநாள் காலையில் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அப்படியே வந்தான். அதே கதையைச் சொன்னான். மீண்டும் விட்டார்கள். மூன்றாவது இரவும் வந்தான். இம்முறை, தூங்கும் முன் ஆயத்துல் குர்ஸி ஓதினால் விடியும் வரை அல்லாஹ்வின் பாதுகாப்பு உண்டு, ஷைத்தான் நெருங்க மாட்டான் என்று கற்றுக் கொடுத்துத் தப்பித்தான். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவன் பொய்யனாக இருந்தும் இந்த விஷயத்தில் உண்மை சொன்னான் என்று கூறி, மூன்று இரவுகளாக வந்தவன் ஷைத்தான் என்பதைத் தெரிவித்தார்கள். (நூல்: புகாரி 2311)

ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொல்ல இந்த ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருக்கிறோம். இன்று இன்னொரு கோணத்தில் பாருங்கள். பொய்யனும் உண்மை பேசுவான். ஃபோனில் வருபவன் உங்கள் பெயரைச் சரியாகச் சொல்வான். எந்த வங்கி என்பதைச் சொல்வான். கார்டின் கடைசி நான்கு இலக்கத்தையும் சொல்வான். எல்லாமே உண்மையாக இருக்கும். இவ்வளவு சரியாகச் சொல்கிறாரே, வங்கியில் இருந்துதான் பேசுகிறார் என்று நாம் நம்பிவிடுகிறோம். சொன்ன செய்தி உண்மையாக இருப்பது வேறு, சொல்பவன் உண்மையாளனாக இருப்பது வேறு. அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் வந்தவன் குர்ஆன் வசனத்தையே கற்றுக் கொடுத்தான். அப்போதும் அவன் திருடன்தான்.

அதனால் ஒரே ஒரு விதியைப் பிடித்துக் கொள்ளுங்கள். பின் நம்பர், ஓடிபி, கார்டின் பின்னால் உள்ள மூன்று இலக்கம் இவற்றை எந்த வங்கி ஊழியரும் கேட்க மாட்டார். கேட்பவர் யாராக இருந்தாலும் ஃபோனை வைத்துவிட வேண்டும். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். வைத்துவிட்டு, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் நம்பருக்கு நாமே கூப்பிட்டுக் கேட்டுக் கொள்ளலாம். கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் நம்பரை நம்பாதீர்கள். மோசடிக்காரர்களே அங்கே தங்கள் நம்பரைப் போட்டு வைக்கிறார்கள்.

ஒட்டகத்தைக் கட்டுவது

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதா, அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைப்பதா என்று ஒருவர் கேட்டபோது, கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். (நூல்: திர்மிதி 2517)

இன்று கார்டைக் கட்டி வைப்பது எப்படி? 2020ல் ரிசர்வ் வங்கி கொண்டு வந்த ஏற்பாட்டின்படி, நம் கார்டை நாமே ஆன், ஆஃப் செய்யலாம். வங்கி ஆப்பிலோ, கிளையிலோ இதைச் செய்து கொள்ளலாம். வெளிநாட்டுப் பயன்பாடு தேவையில்லை என்றால் மூடி வைக்கலாம். ஆன்லைன் பயன்பாட்டை வாங்கும் நேரத்தில் மட்டும் திறக்கலாம். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாம். ஹஜ், உம்ரா போகும்போது வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்தவர்கள் ஊர் திரும்பியதும் மூட மறந்துவிடுகிறோம். இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு முறை பாருங்கள். கார்டில் தட்டினாலே பணம் போகும் வசதியில், 5,000 ரூபாய் வரை பின் நம்பர் கேட்காது. அது வேண்டாம் என்றால் அதையும் நிறுத்தி வைக்கலாம்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? அல்பகரா 282. அது எதைப் பற்றியது? கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதச் சலிப்படையாதீர்கள் என்ற கருத்தும் அதில் இருக்கிறது. வங்கியிலிருந்து வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்காமல் நீக்குவதும், ஸ்டேட்மென்டைப் பிரிக்காமல் வைப்பதும் இந்த வசனத்தின் உணர்வுக்கு ஒத்து வராது. மாதம் ஒரு முறை உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் படித்துக் காட்ட வேண்டும்.

பறிபோய்விட்டால் என்ன செய்வது?

சகோதரர்களே! அல்லாஹ்வின் நாட்டம், போனது போகட்டும் என்று சிலர் உட்கார்ந்துவிடுகிறார்கள். கத்ரை நம்புவது நம் ஈமான். ஆனால் உரிமையைக் கேட்காமல் இருப்பதற்குக் கத்ர் காரணம் ஆகாது.

இங்கே ஒரு ஃபிக்ஹு விளக்கம். ஒருவரிடம் அமானிதமாக வைத்த பொருள், அவருடைய அலட்சியமோ வரம்பு மீறலோ இல்லாமல் அழிந்தால் அவர் ஈடுகட்ட வேண்டியதில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் போடும் பணத்தை வங்கி அப்படியே பூட்டி வைப்பதில்லை, தன் பணமாகப் பயன்படுத்துகிறது. அதனால் அது வங்கி நமக்குத் தர வேண்டிய கடன் என்று இக்கால ஃபிக்ஹு அறிஞர்கள் பலர் விளக்குகிறார்கள். கடன் வாங்கியவரிடமிருந்து திருடு போனாலும் கடன் தீராது. நீங்களே சாவியைக் கொடுக்காத வரை, உங்கள் பணத்துக்கு வங்கி பொறுப்பு.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதையே சொல்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரத்தைச் சொல்கிறேன், குறித்துக் கொள்ளுங்கள்.

தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை. தவறு வங்கியுடையதும் இல்லை, வாடிக்கையாளருடையதும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த நாளைக் கழித்து 3 வேலை நாட்களுக்குள் வங்கியிடம் தெரிவித்தாலும் நஷ்டம் இல்லை. 4 முதல் 7 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் ஒரு வரம்பு வரை நாம் ஏற்க வேண்டும். அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும் 5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் 10,000 ரூபாய். 7 நாட்களைத் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியோ பின் நம்பரோ நாமே கொடுத்துவிட்டால், தெரிவிக்கும் வரை போனது நம் நஷ்டம். தெரிவித்த நிமிடத்திற்குப் பிறகு போவது வங்கியின் நஷ்டம். ஆக, தவறு நம்முடையதாக இருந்தாலும் உடனே சொல்வதில் லாபம் இருக்கிறது.

தெரிவித்ததிலிருந்து 10 வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர்தான் தவறு செய்தார் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையது. இதைத் தெரியாமல்தான் பல பேர் கிளையில் சொல்லும் முதல் வார்த்தையோடு வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள்.

வரிசை இதுதான். முதலில் கார்டை ப்ளாக் செய்ய வேண்டும். வங்கியின் 24 மணி நேர நம்பரை ஒரு டைரியிலும் எழுதி வையுங்கள். கார்டே தொலைந்துவிட்டால் அதன் பின்னால் உள்ள நம்பர் எப்படித் தெரியும்? புகார் எண்ணையும் நேரத்தையும் எழுதிக் கொள்ளுங்கள். இரண்டாவதாக, உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். இது சைபர் மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு நிமிடங்களில் ஓடுகிறது. அது வெளியே எடுக்கப்படும் முன் நிறுத்தி வைக்க இந்த அழைப்பு உதவும். தேசிய சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதியலாம். மாவட்ட சைபர் கிரைம் போலீசிலும் கொடுக்கலாம். மூன்றாவதாக, கிளையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 30 நாட்களில் பதில் வரவில்லை என்றாலோ, பதில் நியாயமாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை. விவரம் கேட்க 14448.

கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோசடி என்று புகார் செய்த தொகைக்கு, அது முடியும் வரை கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2022ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஆனால் நீங்கள் உண்மையிலேயே செலவழித்த மீதித் தொகையைத் தேதிக்குள் கட்டிவிட வேண்டும். கோபத்தில் மொத்தத்தையும் கட்டாமல் விட்டால் அதற்கு வட்டி ஏறும். பணமும் போய், வட்டியிலும் சிக்க வேண்டாம்.

இன்னொரு எச்சரிக்கை. பணம் போனவரிடம், மீட்டுத் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்று இன்னொரு கூட்டம் வருகிறது. ஒரே பொந்தில் முஃமின் இரண்டு முறை கொட்டப்பட மாட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்ன உபதேசம் (நூல்: புகாரி 6133) இங்கே நினைவுக்கு வர வேண்டும். போலீசும் ரிசர்வ் வங்கியும் பணத்தை மீட்க முன்பணம் கேட்பதில்லை.

வாய் திறக்க விடாத வெட்கம்

அல்லாஹ்வின் நல்லடியார்களே! நம் பகுதியில் ஒரு தாயார். உம்ராவுக்காகப் பல வருடம் சேர்த்த பணம். ஒரு நாள் அதிகாலையில் இரண்டு தவணையாக 62,000 ரூபாய் போய்விட்டது. அவர் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. எஸ்எம்எஸ் ஆங்கிலத்தில் இருந்தது, படிக்கத் தெரியவில்லை. பாஸ்புக் பதிந்தபோதுதான் தெரிந்தது. மகன் கோபிப்பான், மருமகள் முன்னால் தலை குனிய வேண்டும் என்று பயந்து ஒரு மாதத்திற்கும் மேல் வாய் திறக்கவில்லை. தஹஜ்ஜுத்தில் அழுதார், வீட்டில் சொல்லவில்லை. இப்போது புகார் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் முடிவு வரவில்லை. 3 நாட்களில் சொல்லியிருந்தால் முழுப் பணத்தையும் கேட்கும் உரிமை அவர் கையில் இருந்திருக்கும்.

அந்தத் தாயிடமிருந்து 62,000 ரூபாயை எடுத்தவன் எங்கோ இருக்கும் திருடன். ஆனால் அந்த 3 நாட்களை எடுத்தது யார்? வீட்டில் உள்ள நாம்தான்! நம் கோபம்தான்! ஏமாந்தவரைப் பார்த்து, புத்தி இல்லையா என்று கேட்கும் வீட்டில் அடுத்த முறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இன்று இரவு சாப்பிட உட்காரும்போது வீட்டாரிடம் சொல்லுங்கள்: பணம் போனால் முதலில் என்னிடம் சொல்லுங்கள், நான் கோபிக்க மாட்டேன் என்று. ஆயிரம் பாதுகாப்பு ஆப்பை விட இந்த ஒரு வாக்குறுதி பெரியது.

கடை வைத்திருப்பவர்களுக்கு

மாமல்லபுரம் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இருக்கிறது. கடற்கரைக் கோவிலையும் ஐந்து ரதத்தையும் பார்க்க எத்தனையோ நாட்டுக்காரர்கள் வருகிறார்கள். 2022ல் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது உலகமே இந்தக் கரைக்கு வந்தது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுதி, உணவகம், கைவினைப் பொருள் கடை என்று நம் சகோதரர்கள் பலர் வேலை செய்கிறார்கள். பல்லவர் காலத்திலிருந்தே கடல் வழி வியாபாரிகள் வந்து போன கரை இது. வந்தவன் அந்நியன், நாளை ஊருக்குப் போய்விடுவான், யாருக்குத் தெரியும் என்ற எண்ணம் எந்தக் காலத்திலும் வியாபாரியைச் சோதிக்கும் எண்ணம்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். உள்ளே ஈரம். மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்ல என்று எச்சரித்தார்கள். (நூல்: முஸ்லிம் 102)

இன்றைய ஈரத் தானியம் எது தெரியுமா? ஸ்வைப் மிஷினில் சிக்னல் வரவில்லை என்று இரண்டாவது முறை கார்டைப் போட்டு, இரண்டு முறையும் பணம் வந்துவிட்ட பிறகு பேசாமல் இருப்பது. இரவில் கணக்கு முடிக்கும்போது அது தெரிந்துவிடும். உடனே திருப்பி அனுப்ப வேண்டும். வெளிநாட்டுக் கார்டுக்கு ரூபாயில் எடுக்கவா, அவர் நாட்டுப் பணத்தில் எடுக்கவா என்று மிஷின் கேட்டால், அவரைக் கேட்காமல் நாமே பட்டனை அழுத்தக் கூடாது. இரண்டிலும் அவருக்கு ஆகும் செலவு வேறு. மனம் பொருந்திய வியாபாரத்தைத்தான் அந்நிஸா 29வது வசனம் அனுமதிக்கிறது. கார்டை வாங்கிக் கொண்டு உள்ளே போகாதீர்கள். மிஷினை அவரிடம் கொண்டு வாருங்கள். விடுதி முன்மேஜையில் விருந்தினரின் கார்டு விவரம் எழுதிய காகிதம் கிடந்தால், அது அமானிதம். குப்பைக் கூடையில் போடாமல் கிழித்து அழித்துவிட வேண்டும்.

கணக்கை வாடகைக்கு விடும் இளைஞர்களுக்கு

இப்போது மிகவும் கவலையோடு சொல்ல வேண்டிய விஷயம். வாலிபர்களே! கொஞ்சம் கவனியுங்கள்.

உன் பேரில் ஒரு கணக்கு ஆரம்பி, ஏடிஎம் கார்டையும் சிம்மையும் எங்களிடம் கொடு, மாதம் இவ்வளவு கமிஷன் என்று ஒருவன் வருவான். சில சமயம் வேலை என்ற பெயரில் வருவான். உன் கணக்குக்குப் பணம் வரும், அதை இன்னொரு கணக்குக்கு அனுப்பு, நூற்றுக்கு இவ்வளவு எடுத்துக் கொள் என்பான். நான் திருடவில்லையே, கணக்கைத்தானே கொடுத்தேன் என்று பையன் நினைக்கிறான்.

தம்பி! அந்தத் தாயின் உம்ராப் பணம் போன்ற பணம் இப்படிப்பட்ட கணக்குகள் வழியாகத்தான் போகிறது. திருடன் எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கணக்கில் இருப்பது உன் பெயர், உன் ஆதார், உன் புகைப்படம். போலீஸ் முதலில் தட்டுவது உன் வீட்டுக் கதவைத்தான். கணக்கு முடக்கப்படும். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவில் 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. பாஸ்போர்ட், வளைகுடா வேலை, நிகாஹ் எல்லாம் கேள்விக்குறி ஆகும்.

இது துன்யாவின் கணக்கு. ஆகிரத்தின் கணக்கு? திவாலானவர் யார் என்று ஸஹாபாக்களிடம் நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். காசும் பொருளும் இல்லாதவர் என்றார்கள் தோழர்கள். தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றையும் கொண்டு வந்தும், ஒருவரை ஏசி, இன்னொருவரின் பொருளைத் தின்று வந்ததால், நன்மைகள் ஒவ்வொன்றாக அவர்களுக்குப் பங்கு போடப்பட்டு, தீர்ந்த பிறகு அவர்களுடைய பாவம் இவர் தலையில் ஏற்றப்படும் மனிதர்தான் உண்மையில் திவாலானவர் என்று விளக்கினார்கள். (நூல்: முஸ்லிம் 2581)

முகம் தெரியாத ஒருவரிடம் எடுத்த பணத்துக்குத் தவ்பா செய்வது எவ்வளவு சிரமம்! தவ்பா நிறைவேற உரிமையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பாய்? அந்த நூறு பேர் எந்த ஊர், என்ன பெயர்? அல்மாயிதா 2வது வசனம் பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒத்துழைக்காதீர்கள் என்று தடுக்கிறது. கணக்கைக் கொடுப்பது அந்த ஒத்துழைப்பே தவிர வேறில்லை.

ஏற்கெனவே மாட்டிக் கொண்ட பிள்ளைகள் இருந்தால், இன்றே தந்தையிடம் சொல்லுங்கள். வங்கிக்குச் சென்று கணக்கை நிறுத்தச் சொல்லுங்கள். வக்கீல் ஒருவருடன் போய் போலீசில் உண்மையைச் சொல்லுங்கள். அநியாயம் செய்பவனாக இருந்தாலும் சகோதரனுக்கு உதவும்படியும், அவன் கையைத் தடுப்பதே அந்த உதவி என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். (நூல்: புகாரி 2444) பெரியவர்கள் அந்தப் பிள்ளையை விரட்டாமல் அவன் கையைப் பிடித்துத் தடுங்கள்.

பொய்ப் புகாரும் தவறி வந்த பணமும்

ஆரம்பத்தில் ஒரு வசனத்தை மனதில் வைக்கச் சொன்னேன். வழக்காடிப் பிறர் பொருளைத் தின்பது. தானே ஆன்லைனில் வாங்கிவிட்டு, பிடிக்கவில்லை என்று, இது நான் செய்ததல்ல, மோசடி என்று வங்கியில் புகார் கொடுப்பவர் அந்த வசனத்துக்குள் வருகிறார். மகன் கேம் விளையாடக் கட்டிய பணம் என்று தெரிந்த பிறகும் புகாரைத் திரும்பப் பெறாதவரும் வருகிறார். நான் ஒரு மனிதன்தான், வாதத் திறமையைக் கேட்டு ஒருவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லக்கூடும், அப்படி அடுத்தவர் உரிமையைப் பெற்றவர் நெருப்பின் ஒரு துண்டைத்தான் பெறுகிறார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். (நூல்: புகாரி 2458) அல்லாஹ்வின் தூதருடைய தீர்ப்பே ஹராமை ஹலாலாக்காது என்றால், வங்கியின் தீர்ப்பு எப்படி ஆக்கும்?

வங்கி தற்காலிகமாக வரவு வைத்தது ஒரு பக்கம், கடைக்காரர் திருப்பி அனுப்பியது இன்னொரு பக்கம் என்று சில சமயம் இரட்டிப்பாக வரும். ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். யார் பணமென்றே தெரியாமல் கணக்கில் வந்தால் வங்கியிடம் எழுதிக் கொடுங்கள். ஃபோனில் ஒருவன், தவறாக அனுப்பிவிட்டேன், இந்த நம்பருக்குத் திருப்பி அனுப்புங்கள் என்றால் நேரடியாக அனுப்பாதீர்கள். அதுவும் ஒரு மோசடி முறை. கண்டெடுத்த பொருளை அறிவிப்புச் செய்து உரியவரிடம் சேர்க்கச் சொல்கிறது மார்க்கம். வங்கி வழியாகச் சேர்ப்பதே அதற்கு இன்றைய பாதுகாப்பான வழி.

ஜமாஅத்தின் கடமை

2004 டிசம்பர் 26 அன்று இந்தக் கரையைச் சுனாமி தாக்கியபோது யாரும் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது, மக்கள் ஓடி வந்தார்கள். கணக்கிலிருந்து பணம் போவது கண்ணுக்குத் தெரியாது. வீடு அப்படியே நிற்கும். உள்ளே இருப்பவர் உடைந்து போயிருப்பார்.

கபீஸா (ரலி) அவர்களிடம், யாசிக்க அனுமதி உள்ள மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் சொன்னபோது, பேரிடரால் பொருளை இழந்தவரையும் அதில் சேர்த்தார்கள். வாழ்க்கை நிலைபெறும் வரை அவர் கேட்கலாம். (நூல்: முஸ்லிம் 1044) ஏமாந்து மொத்தத்தையும் இழந்து, கடனாளியாகவும் ஆகிவிட்டவர் நம் பைத்துல்மாலில் முன்னுரிமை பெற வேண்டியவர்.

ஜகாத்தைப் பற்றிச் சிலர் கேட்கிறார்கள். திரும்பி வரும் என்ற நம்பிக்கை அற்றுப் போன பணம் சில வருடம் கழித்து வந்தால், ஹனஃபி மத்ஹபில் கடந்த வருடங்களுக்கு ஜகாத் இல்லை. ஷாஃபி மத்ஹபில், கையில் வந்த பிறகு கடந்த வருடங்களுக்கும் கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கை ஆலிமிடம் காட்டிக் கேட்டுக் கொள்ளுங்கள்.

நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். வங்கி வேலை தெரிந்த, ஆங்கிலம் எழுதத் தெரிந்த இரண்டு வாலிபர்கள் நம் மஹல்லாவில் இல்லாமல் இல்லை. ஜும்ஆவுக்குப் பிறகு அரை மணி நேரம் பள்ளி வராந்தாவில் உட்காரட்டும். பெரியவர்களின் கார்டில் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிக் கொடுக்கட்டும். புகார் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் பின் நம்பரைக் கேட்கவோ, அடிக்கும்போது பார்க்கவோ கூடாது. பெரியவர்களும் சொல்லக் கூடாது. பள்ளிவாசல் பிள்ளையாக இருந்தாலும் சரி! சாதி, மதம் பார்க்காமல் தெருவில் உள்ள எல்லாருக்கும் இந்த உதவி கிடைக்க வேண்டும்.

நாளை மறுமையில் செல்வத்தைப் பற்றி எங்கிருந்து சம்பாதித்தாய், எதில் செலவழித்தாய் என்று இரண்டு கேள்விகள் இருக்கின்றன. (நூல்: திர்மிதி 2417) பணத்தைப் பறிகொடுத்தவர் பொறுமையோடு உரிமையைக் கேட்டால் அவருக்கு அந்த இரண்டு கேள்விக்கும் பதில் உண்டு. பறித்தவனுக்கும், அவனுக்குக் கணக்கைக் கொடுத்தவனுக்கும் முதல் கேள்வியிலேயே பதில் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் உடைமைகளை ஏமாற்றுவோரின் கரங்களிலிருந்து பாதுகாப்பாயாக! பறிகொடுத்தவர்களுக்கு அதை விடச் சிறந்ததைத் திருப்பித் தருவாயாக! அவர்களின் வீட்டாருக்கு மென்மையான உள்ளத்தைத் தருவாயாக! எங்கள் வாலிபர்களை ஹராமான சம்பாத்தியத்திலிருந்து காப்பாயாக! விழுந்துவிட்டவர்களுக்கு உண்மையைச் சொல்லும் துணிவையும் தவ்பாவின் பாக்கியத்தையும் தருவாயாக! எங்கள் கடைகளிலும் கொடுக்கல் வாங்கலிலும் பரக்கத் செய்வாயாக! ஆமீன்! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.